அத்தான் வீட்டுத் தரைக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் ஊர்ப் பக்கம் யார் எதைப் பார்க்க வந்தாலும் சரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்கிற ஏற்பாட்டைத்தான் செய்வோம். கடன் கேட்ட வீட்டை அளந்து பார்க்க வரும் வங்கி அதிகாரிக்கும் கேசரி. தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வரும் பெண்ணுக்கும் கேசரி. (புழு இருக்கிற வீட்டில் முந்திரி கொஞ்சம் தாராளமாக விழும்.) வந்தவர் எதைப் பார்க்க வந்தார் என்பதைப் பற்றி நாங்கள் ரொம்ப யோசிப்பதில்லை. வீட்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டால் வந்த காரியத்தை அவரே மறந்துவிடுவார் என்பது எங்கள் கொள்கை.

இந்தக் கொள்கையை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தால் என் அக்கா மகளின் மணிக்கட்டு முறிந்தது. என் முதுகெலும்பின் கடைசிக் கணு (அதற்குத் தமிழில் நல்ல பெயர்கள் இருக்கின்றன, அச்சில் போட மாட்டார்கள்) இன்றைக்கும் மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

நடந்த இடம், கோவில்பட்டியில் என் அத்தான் வீடு. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருடைய ரகசியங்கள் தெரியும், மீதிப் பேருக்கு அந்த பயம் இருக்கிறது. குழந்தையில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வெளியே போகப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வீட்டுக்குள் உட்கார்ந்த வாக்கில், இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்வார். மெதுவாகப் போவார் என்று நினைத்துவிட வேண்டாம். என் செல்போன் அடித்து நான் நாற்காலியில் இருந்து எழுந்திருப்பதற்குள், அவர் போய் எடுத்து, பேசி, ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிட்டு வந்திருப்பார். சக்கர நாற்காலி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அதில் இப்போது துவைத்த துணிகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன.

வீடே அவர் உயரத்துக்குத்தான். சுவிட்சுகள் முழங்கால் மட்டத்தில். அடுப்பு, தரையில் இருந்து ஒரு சாண் உயர மேடையில். வாசலில் ஸ்கூட்டர் இருக்கை உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை, இருக்கையில் இருந்து அப்படியே அதில் மாறிக்கொண்டு உள்ளே இறங்க. தரை முழுக்கப் பழைய காலத்துச் சிவப்பு சிமெண்ட். அக்கா இருந்தவரை அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு சுப்புத்தாய் என்ற அம்மாள் வந்து பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஸ்டேப்ளர் பின் ஒன்று அத்தானின் உள்ளங்கையில் குத்தியது. சின்னப் பின்தான். ஆனால் கையே காலாக இருக்கிறவருக்கு அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க முடியாதே. சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. மகள் வித்யா ஓசூரில் இருந்து ஓடி வந்தாள். அவள் அங்கே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யார் எங்கே வழுக்கி விழுவார்கள், எது யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அப்பாவைப் பார்த்ததும் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் தொடங்கினாள்.

“இனிமே தனியா இருக்கது சரிப்படாதுப்பா. எங்கூட வந்துருங்க. எட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு, தரை எல்லாம் டைல்ஸ்.”

“எட்டாவது மாடில கொண்டு ஏத்தி வைக்கதுக்கு நான் என்ன தண்ணித் தொட்டியாட்டி?” என்றார் அத்தான்.

இழுபறி பல மாதம் நடந்து கடைசியில் ஓர் உடன்படிக்கை வந்தது. வித்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருவாள். வீட்டை மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பாள். சுத்தமாக, ஆபத்தில்லாமல் இருந்தால் அப்பா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மறு பேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூர். வாய்க்கு வாய் பேசுகிற அத்தான் இதற்கு ‘சரி’ என்று ஒரு சொல்லில் ஒத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த வாரம் பார்த்து சுப்புத்தாய், புதூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று போய்விட்டாள். ‘வீடு துடைக்கிறதில் என்ன இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நான் முன்வந்தேன். (என் வீட்டில் இந்தச் செய்தியைக் கேட்ட என் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பாதித்தது.)

சனிக்கிழமை விளக்குமாறோடு போய் இறங்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அத்தான் சொன்னார்:

“மாப்ள, நின்னுக்கிட்டுப் பெருக்குனா நின்னுக்கிட்டு இருக்கவனுக்குத்தான் வீடு சுத்தமாருக்கும். கீழ உக்காரு.”

உட்கார்ந்தேன். நாற்பது வருஷமாக நான் வந்து போகிற வீடு அது. அதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தில் தச்சர் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார், அதுவும் தப்பாக. பக்கத்தில் வித்யா பள்ளிக்கூட நாளில் ஒட்டி வைத்த பபிள்கம், கல்லாகிவிட்டது. கதவுகளின் கீழ் விளிம்பில் சிலந்திகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. கட்டிலுக்கு அடியில் இருட்டில் இரண்டு கண்கள் மின்னின. பூனை இல்லை. போன பொங்கலுக்கு நான் வீடு வீடாகத் தேடிய என் மூக்குக்கண்ணாடி.

“இது இங்கன கிடக்கது உங்களுக்குத் தெரியுமா அத்தான்?”

“தெரியும். நீ எங்கிட்ட கேக்கலியே.”

அவர் முன்னே போக, நான் பின்னாலேயே கையை ஊன்றி ஊன்றிப் போனேன். ஹாலின் பாதி தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஒரு வேடிக்கை, நிறுத்த மனசு வரவில்லை. தரையில் கிடந்த ஒரு கடுகு என் உள்ளங்கையில் ஏறியபோது ஆணி என்றே நினைத்தேன். பினாயில் ஊற்றித் துடைத்தால் இவருக்குக் கைத்தோல் உரியும், அந்தக் கையால்தான் சாப்பிடவும் வேண்டும். மழை பெய்தால் வருகிறவர்கள் செருப்போடு கரிசல் மண் வரும், காய்ந்ததும் அது ஓடு மாதிரி விளிம்பு கட்டி நிற்கும், உட்கார்ந்து நகர்கிறவருக்குத் தொடை கிழியும். தண்ணீர்ச் சொட்டு ஒன்று கிடந்தால் கை வழுக்கும். நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சொரசொரப்பு கொஞ்சம் வேண்டும், அப்போதுதான் கை பிடிக்கும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தலையாட்டியதும் விஷயம் மனதில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் வரை மாடு மாதிரி உழைத்தேன். சிலந்திகளைக் காலி செய்தேன். பபிள்கம்மைக் கத்தியால் பெயர்த்தேன். வெறும் தண்ணீரில் துணியை முறுக்கிப் பிழிந்து, தரை முழுக்க இரண்டு முறை துடைத்துக் காயவிட்டேன். அத்தான் ஒரு சுற்றுப் போய் வந்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லை.

“நீ இம்புட்டு நல்லா வேலை செய்வேன்னு உங்க அக்கா சாகுத வரைக்கும் நம்பலடே மாப்ள,” என்றார்.

இந்த இடத்தில் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஞாயிறு காலை அத்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போனார். நான் தனியாக ஹாலில் நின்று தரையைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சோகமாக இருந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் இதே சிவப்புத் தரைதான். விசேஷ நாட்களில் அம்மா தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தரையைத் தேய்ப்பாள், தாமிரச் செம்பு மாதிரி ஜொலிக்கும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் தேய்த்தாள். வந்தார்கள், முடிந்தது. அதாவது எண்ணெய் தேய்த்த தரைக்கு எங்கள் குடும்பத்தில் தோல்வியே கிடையாது.

அத்தானின் தலைக்கு வைக்கிற எண்ணெய் பாட்டில் ஹாலின் பாதியோடு தீர்ந்தது. பின்வாசல் வழியாகத் தெருமுனைக் கடைக்கு ஓடிப் பெரிய பாட்டிலாக வாங்கி வந்தேன். “என்ன அண்ணாச்சி, வீட்ல விசேஷமா?” என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்துக்கொண்டே சமையலறை வரை வந்து சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், ஆஹா, தரையா அது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. (அதைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கலாம்.) சமையலறையில் இருந்தபடியே கேசரி கிளறினேன், வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். ஆகையால் அந்தத் தரையில் யாரும் நடந்து பார்க்கவில்லை, நான் உட்பட.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வித்யா பின்னிருக்கையில் இருந்து குதித்தாள். ரயிலில் ஏசி பெட்டி, குளிருக்குக் காலில் உறை போட்டிருந்தாள். ஷூவை வாசலில் கழற்றினாள். உறையைக் கழற்றவில்லை.

“அப்பா, நீங்க வெளிய இருங்க. நான் மொதல்ல வீட்ட அப்படியே வீடியோ எடுத்துக்கிடுதேன்,” என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே கால் வைத்தாள்.

அத்தான் ஸ்கூட்டரில் இருந்து மேடைக்கு மாறி, வழக்கம்போல வாசலுக்கு உள்ளே கையை ஊன்றப் போனார். கை அரை அடி தானாகப் போயிற்று. சட்டென்று இழுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“மாப்ள, தரையத் தாளிச்சிருக்கியா?”

சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்ற நான், பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன்.

அந்த வீடியோ இன்றும் குடும்பத்தில் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. முதலில் நிலைப்படி. அப்புறம் ஜொலிக்கிற தரை. அப்புறம் திடீரென்று மின்விசிறி. அதற்குப் பிறகு நெடுநேரம் மின்விசிறிதான். பின்னணியில் ‘ஐயோ’ என்று வித்யா குரல். ‘பிடிச்சிட்டேன் பிடிச்சிட்டேன்’ என்று என் குரல். தட்டு விழுகிற சத்தம். பிறகு ஒரு பஜ்ஜி செல்போன் மேலேயே விழுந்து, திரையின் குறுக்கே அமைதியாக வழுக்கிக்கொண்டு போகும்.

நான் யாரையும் பிடிக்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் போய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் தச்சரின் கணக்கு. இப்போதும் தப்பாகத்தான் இருந்தது. வித்யா ஹால் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது.

வாசலில் அத்தான் குரல்: “ஏட்டி, அசையாத. அங்கனயே இரு, அப்பா வாரேன். மாப்ள, நீயும் அசையாத. நீ அசையாம இருக்கது எல்லாருக்கும் நல்லது.”

எப்படி வருவார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அவர் திரும்பி மேடையின் அந்தப் பக்கம் இறங்கினார். வாசல் பக்கம் செடி வைக்கப் போட்டிருந்த கரிசல் மண், வெயிலில் காய்ந்து மாவாகக் கிடந்தது. அதை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கை மண்ணைத் தரையில் வீசுவார், எண்ணெயை அது குடித்ததும் அதன்மேல் கையை ஊன்றி நகர்வார். அடுத்த கை மண். நான் முந்தின நாள் முழுக்கப் பாடுபட்டு வெளியேற்றிய அதே மண்ணில், என் கண் முன்னாலேயே, வாசலில் இருந்து மகள் வரைக்கும் ஒரு கறுப்புச் சாலை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கையைத் தொட்டுப் பார்த்தார். கைக்கு எட்டிய ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அணையாக வைத்துத் துண்டால் கட்டினார். அந்த இதழில் என் கட்டுரை வந்திருந்தது. என் எழுத்து ஒருவருக்கு ஆதரவாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அத்தானின் ஸ்கூட்டரில் வித்யா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பின்னால் ஆட்டோவில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்காராமல் உட்கார்ந்து போனேன். அங்கே அத்தானைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நர்ஸ் பெண், “பெரியவருக்கு என்ன செய்யுது?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் டிரைவர்,” என்றார் அத்தான். “அடிபட்டது அவா. அந்தா செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்காம்லா, அவன்தான் அடி.”

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. வலது கை என்பதால், கட்டு அவிழ்க்கிற வரை ஓசூரில் தனியாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள் அப்பா வீட்டிலேயே தங்கினாள்.

எனக்கு வேறு தண்டனை காத்திருந்தது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து குழம்பாகக் கிடந்த தரையை யார் பழையபடி ஆக்குவது? சோப்பு போட்டால் இன்னும் வழுக்கும். அத்தான் வாசல் மேடையில் இருந்தபடி தீர்ப்புச் சொன்னார்:

“எண்ண தேச்சவன்தான் குளிப்பாட்டணும். சீயக்காய் வாங்கிட்டு வா.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கிலோ கணக்கில் சீயக்காய்த் தூள் வாங்கி, கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, வழித்து, மறுபடி ஊற்றித் தேய்த்தேன். கொடை முடிந்து வந்த சுப்புத்தாய் வாசலில் நின்று வாசனை பிடித்தாள். “என்ன அண்ணாச்சி, தரைக்குத் தீபாவளியா? புதுத் துணி எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, எனக்கு உதவாமல் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டாள்.

தேய்க்கிற வேலை சில நாள் இழுத்ததால் அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் நான் கீழே இருந்தே பார்த்தேன். காலையில் வித்யா தரையில் உட்காருவாள். அத்தான் அவள் பின்னால் உட்கார்ந்து தலை சீவிச் சடை போடுவார். ஒரு கையால் எட்டாத டப்பாவைத் தேடி அவள் மேல் அலமாரியை அண்ணாந்து பார்ப்பாள், இந்த வீட்டில் மேல் அலமாரியில் ஒன்றுமே இருக்காது. எல்லாம் கீழே, மூடி தளர்வாக, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி. இப்போது அவள் கைக்கும் எட்டியது. அவளும் என்னைப் போலவே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள். சுவரில் துண்டு மாட்டுகிற இந்த வளையத்தை ஏன் இவ்வளவு தாழ்வாக அடித்தீர்கள், குளியலறையில் சாக்கு ஏன் விரித்திருக்கிறது, அரிசி களையும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்.

ஒரு நாள் அவள் என்னைக் காட்டிச் சொன்னாள்: “தரைல போய் யாராவது எண்ணெயத் தடவுவாங்களாப்பா?”

“அவன் அம்மையும் இதத்தான் செஞ்சா,” என்றார் அத்தான். “உங்க அம்மையப் பொண்ணு பாக்கப் போயிருந்தேன். வாசப்படியத் தாண்டிக் கையத்தான் வச்சேன். ஒரே வழுக்கு. நேரா போயி உங்க அம்மை காலடியிலதான் நின்னேன். கையில காப்பியோட நிக்கா. சிரிப்ப அடக்குதா, காப்பி தளும்புது. அதுக்குப் பொறவு பிடிக்கலன்னு சொல்லிட்டு எந்திரிச்சா வர முடியும்?”

எனக்கு இது தெரியவே தெரியாது. அன்றைக்கு நான் பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கக் கடைக்கு ஓடியிருந்தேன். அந்தக் கதையை அக்காவும் சொன்னதில்லை. வித்யா சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். “அப்பா இங்கனயே இருக்கட்டும் மாமா. நான் எட்டாவது மாடில அவிய விழாம பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். இந்த வீட்ல அவிய விழவே இல்ல. விழுந்தது நாம ரெண்டு பேருந்தான்.” சுப்புத்தாயை வாரம் முழுக்க வரச் சொல்லி ஏற்பாடு செய்தாள். உட்கார்ந்துதான் பெருக்க வேண்டும் என்று நிபந்தனை. (சுப்புத்தாய் கூலியை உட்கார்ந்தபடியே உயர்த்தினாள்.) குளியலறைக்குக் கைப்பிடியும், வாசலில் செருப்பு மண்ணைத் தட்ட ஒரு முரட்டு மிதியடியும் வந்தன. தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எடுக்கும் வகுப்பில் அவள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாளாம். ஓசூரில் முன்பின் தெரியாத இளைஞர்களுக்கெல்லாம் என் குரல் தெரியும் என்பதில் எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

குடும்பத்தில் ஒரு புதுச் சடங்கும் வந்துவிட்டது. போன மாதம் என் சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. கண்ணாடி மாதிரி டைல்ஸ். முதலில் பசு மாடு உள்ளே போக வேண்டும், நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். யாரும் அசையவில்லை. பசுவும் நின்றது. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக வாசலுக்கு நகர்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்து, எடுத்து மோந்து பார்த்தார்.

“பசுவ விடுங்க. மாப்ள இங்கன கை வைக்கல.”

பசு போயிற்று. பின்னாலேயே சொந்தக்காரர்கள் போனார்கள். என்னை மட்டும் வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னார்கள்.